அரைகுறைக் கூண்டு யாருக்குக் காவல்?

மும்பையில் கோழி வளர்க்கும் தமிழர்களிடம் ஒரு கருத்து அசைக்க முடியாமல் ஊறிக் கிடக்கிறது. அவர்கள் சொல்கிறபடியே அதை முதலில் எழுதிவிடுகிறேன். இது மகாநகரம், இங்கே நரி ஏது, கீரி ஏது, காட்டுப்பூனை ஏது? நாட்டுக்கோழி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். திருநெல்வேலிப் பக்கம் நம் ஆச்சிமார் பகலில் திறந்துவிட்டார்கள், இரவில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தார்கள். அதற்குமேல் என்ன செய்தார்கள்? நாலு கம்பு நட்டு, கடையில் விற்கிற கோழிவலையைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பத்ரா (தகரத் தகடு) போட்டால் போதும். அதையும் மீறி ஒன்றிரண்டு போனால் போகட்டும். கோழி விலையைவிடக் கூண்டு விலை கூடுதலாக இருந்தால் அது என்ன கணக்கு? ரொம்பப் பயமாக இருந்தால் இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி உள்ளேயே பூட்டி வை.

இப்படிச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளிலும், சீத்தா கேம்பிலும், செம்பூரின் பழைய மனைகளிலும் காலங்காலமாகக் கோழி வைத்திருப்பவர்கள். இங்கே ஓரடி இடத்தின் அருமையும் ஒரு ரூபாயின் அருமையும் அறிந்தவர்கள். அவர்களுடைய கோழிகளில் எத்தனையோ பிழைத்திருக்கின்றன, முட்டையும் இட்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கருத்து இவ்வளவு பரவியிருக்கிறது. அதனால்தான் இதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துவைத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். திறந்த வெளியில் திரியும் கோழிக்கு ஓடக் கால் உண்டு, பறந்து ஏற மரக்கிளை உண்டு, பதுங்கப் புதர் உண்டு. வலைக்குள் அடைத்த நிமிடமே இந்த மூன்றையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கிக்கொண்டவர் அதற்கு ஈடான காவலைத் தந்தே ஆகவேண்டும். தராவிட்டால், பெருச்சாளிக்கும் மரநாய்க்கும் இரையை ஒரே இடத்தில் சேர்த்துவைத்துக் கொடுத்தவர்களாகிறோம். அரைகுறை அடைப்பு, அடைப்பே இல்லாததைவிட மோசமானது.

1. நகரத்தில் எதிரி இல்லையா?

நரி இல்லை என்ற பேச்சைச் செம்பூரில் இருந்துகொண்டே சொல்கிறார்கள். டிராம்பே குன்றும் கழியோரத்து அலையாத்திக் காடும் அவர்களுக்கு எட்டிய தூரம்தான். அந்தக் காடுகளில் குள்ளநரிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செம்பூர், டிராம்பே வட்டாரத்தில் இறந்த குள்ளநரிகளுக்கு வெறிநோய் இருந்தது பரிசோதனையில் உறுதியாகிப் பத்திரிகைகளில் வந்தது. இதற்குப் பிறகும் நரி இல்லை என்று வாதிட இடமில்லை.

தாராவிக்காரர்களுக்கு வாசலிலேயே காடு இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர் நிலம் மரம் வைத்துத் தேற்றப்பட்டு, 1994இல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நல்ல காரியம், எனக்கு அந்தப் பூங்கா மிகவும் பிடிக்கும். ஆனால் முப்பதாண்டு வளர்ந்த காட்டில் பறவைகள் மட்டுமா குடியேறும்? மாட்டுங்காவின் பழைய கட்டடங்களும் பெரிய மரங்களும் மரநாய்க்குத் தோதானவை. பகலெல்லாம் பரணில் தூங்கிவிட்டு, இருட்டியதும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கும் பிராணி அது. தேவனாரில் 1927 முதல் குப்பை கொட்டுகிறார்கள். அதன்மேல் வட்டமிடும் பருந்துகளைச் செம்பூரில் எந்த மொட்டைமாடியிலிருந்தும் பார்க்கலாம். வளர்ந்த கோழியைப் பருந்து தூக்குவது அரிது. குஞ்சை விடவே விடாது. காகமும் அப்படியே, முட்டையையும் சேர்த்து.

இவை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் பெருச்சாளியை வைத்தால், இந்த நகரத்தில் பெருச்சாளித் தட்டுதான் தாழும். ஒரு கிலோ எடையைத் தொடக்கூடிய விலங்கு, இரவில் மட்டும் வெளியே வரும், மண்ணைத் தோண்டும், கட்டரிலிருந்து மோரி (கழிவுநீர்) ஓட்டை வழியாக ஏறி வரும். முட்டை, குஞ்சு, தூங்கும் கோழியின் கால் எதையும் விடாது. மும்பை மாநகராட்சி இதற்கென்றே இரவு நேர எலி பிடிப்பாளர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. கையில் தடியும் டார்ச் லைட்டுமாகச் சந்து சந்தாகப் போகும் அந்த மனிதர்களுக்கு ஓர் இரவுக்கு 30 எலி என்று கணக்கு உண்டு.

மாட்டுங்கா உருவான விதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் மாண்ட்வியில் கொள்ளைநோய் பரவி நகரம் பாதி காலியானது. எலியின் உடம்பிலிருக்கும் தெள்ளுப்பூச்சி பரப்பிய நோய் அது. அதன் விளைவாக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த தாதர்–மாட்டுங்கா–சயான் திட்டத்தில்தான் நேர்கோட்டுத் தெருக்களும் தோட்டங்களும் கொண்ட இன்றைய மாட்டுங்கா எழுந்தது. எலியால் வந்த நோய்க்கு அஞ்சித் தன் வரைபடத்தையே மாற்றிக்கொண்ட நகரத்தில், எதிரி ஏது என்று கேட்பது எப்படி?

சிறுத்தையைப் பற்றியும் ஒரு வரி. அது ஆரே, முலுண்ட் பக்கத்து மக்களின் கவலை. அதைச் சொல்லி இங்கே யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை.

2. ஆச்சி என்ன செய்தாள் என்பதை முழுதாகச் சொல்லுங்கள்

பஞ்சாரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். பஞ்சாரம் வெட்டவெளியில் தனியே கிடந்ததில்லை. முற்றத்திலோ அடுப்படிக்குப் பக்கத்திலோ இருந்தது. அதன்மேல் அம்மிக்குழவியோ கனத்த கல்லோ இருந்தது. திண்ணையில் தாத்தா படுத்திருந்தார், வாசலில் நாய் படுத்திருந்தது. வீட்டைச் சுற்றி உடைமுள் வேலி இருந்தது. மண்தரையைச் சாணமிட்டு மெழுகியதால் புதிதாக வளை தோண்டினால் காலையில் பளிச்சென்று தெரிந்தது, அன்றே அடைக்கப்பட்டது. பஞ்சாரம் ஒரு பெரிய ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி. அந்த ஏற்பாட்டை ஊரிலேயே விட்டுவிட்டு, கண்ணியை மட்டும் ரயிலேற்றிக் கொண்டுவந்து காவல் காக்கச் சொன்னால் காக்குமா?

அந்த ஏற்பாட்டிலும் இழப்பு சின்னதாக இருக்கவில்லை. பத்துக் குஞ்சு பொரித்த தாய்க்கோழி மூன்று நாலைத் தேற்றினால் நல்ல கோழி என்று பெயர் வாங்கியது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தரம் அடைக்கு உட்காரும் கோழியை வைத்து அந்த இழப்பை ஈடுகட்டினார்கள். நகரத்தில் மூன்றும் நாலுமாக வைத்திருப்பவருக்கு அந்த ஈட்டுக்கு வழியில்லை.

தாய்க்கோழி காக்கும் என்பதையும் பார்ப்போம். கோழிக்கு இரண்டு விதமான எச்சரிக்கைக் குரல் உண்டு. மேலே பருந்து நிழலாடினால் ஒரு மாதிரி, தரையில் கீரியோ நாயோ வந்தால் வேறு மாதிரி. விலங்கு நடத்தையை ஆராய்கிறவர்கள் இதைப் பதிவுசெய்து ஒலிபரப்பிச் சோதித்திருக்கிறார்கள். நம் கிராமத்துப் பெண்களுக்கு அது கேட்டுக் கேட்டுப் பழகிய சேதி. குரல் கேட்டதும் குஞ்சுகள் புதருக்குள் ஓடும், கோழிகள் கிளைக்குத் தாவும். நாலு பக்கமும் வலையும் நடுவில் வெறுந்தரையும் உள்ள அடைப்பில் அந்தக் குரல் எழுந்தால் எங்கே ஓடுவது? வலையில் போய் முட்டுகின்றன. முட்டிய இடத்தில் வெளியே நிற்கும் விலங்கு காலைப் பிடித்துக்கொள்கிறது. காக்க வேண்டிய குரலே காட்டிக்கொடுப்பதாக மாறிவிடுகிறது.

இன்று இங்கே வளர்பவை பெரும்பாலும் ஊரில் வளர்ந்த சிறுவிடை நாட்டுக்கோழிகளும் இல்லை. வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினங்கள் உடல் கனத்தவை, அதிகம் பறக்காதவை, அடைக்கு உட்காரும் குணம் மிகக் குறைந்தவை. தெருவில் சாயம் பூசி விற்கிற குஞ்சுகளோ தாயைக் கண்ணால் பார்த்தறியாதவை. இவற்றுக்கு ‘நாட்டுக்கோழி தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற விதியைப் பொருத்துவது தவறு.

3. எந்த வலை, எந்தத் தரை, எந்தத் தாழ்ப்பாள்?

வாதத்தின் அடிவேர் இங்கேதான் இருக்கிறது. மற்றவற்றை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க முடியாது. கடையில் கோழிவலை என்று தருவது அறுகோணக் கண்கள் கொண்ட முறுக்குக் கம்பி வலை. கம்பி 20 அல்லது 22 கேஜ். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிசு. கண் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். பாதி வளர்ந்த எலி அந்தக் கண்ணுக்குள் நேராகவே நுழைந்துவிடும். மரநாயின் கை நுழையும். நாய் பல்லால் பிடித்து இழுத்தால் ஒரு முறுக்கு விடும். ஒன்று விட்டால் வரிசையாக விடும். நம்முடையது கடற்காற்று வேறு. இரண்டு மழைக்காலம் தாண்டியதும் கட்டைவிரலால் அழுத்தினாலே ஒடிகிற வலைகளை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு கூண்டைச் செம்பூரில் கிட்டத்தில் நின்று பார்த்தேன். மேலே கனமான பத்ரா, கதவில் பெரிய பூட்டு. அடியில், வலை தரையைத் தொடுகிற ஓரத்தில், கம்பி உள்பக்கமாக மடங்கி ஒரு முஷ்டி அளவு வழி. அதன் விளிம்பில் சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது. ஈரமண்ணில் புதிதாகப் பறித்த குழி. உள்ளே ஒரு பெட்டை ஒற்றைக்காலில் நின்றது. தூக்கி வைத்திருந்த காலில் நடுவிரல் இல்லை, காய்ந்த ரத்தம் கணுவரை கறுத்திருந்தது. இன்னொன்று மூலையில் செத்துக் கிடந்தது. அதன் உடம்பில் கடி எதுவும் இல்லை. அஞ்சி ஓடி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியதில் அடியில் சிக்கி மூச்சடைத்துப் போயிருக்கிறது. வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டது, “பூட்டு போட்டுத்தானே இருந்தது?” என்பதுதான்.

இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. இரவு முழுவதும் அது அசையாத பொருள் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆகவே கூண்டு வடிவமைப்பு இரவிலிருந்து தொடங்க வேண்டும், தரையிலிருந்து மேலே போக வேண்டும். நம்மவர்கள் பகலிலிருந்து தொடங்குகிறார்கள், கூரையிலிருந்து கீழே வருகிறார்கள்.

செய்யவேண்டியது இதுதான். சுவர் முழுவதற்கும் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ், 16 முதல் 19 கேஜுக்குள், வெல்டு செய்த பிறகு துத்தநாகப் பூச்சு ஏறியதாக. வெல்டுக்கு முன் பூச்சேறிய வலை ஒவ்வொரு சந்திப்பிலும் சீக்கிரம் துருப்பிடிக்கும்; கடையில் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கட்டுக்கம்பியால் கட்டுவதோடு விட்டுவிடக்கூடாது, பிளாஸ்டிக் பட்டையால் கட்டவே கூடாது. எலி கடிக்கும், வெயிலில் பொடியும். ஆங்கிள் சட்டத்தில் பட்டைத்தகடு வைத்துப் போல்ட் முடுக்க வேண்டும். மரச்சட்டமானால் அகன்ற வாஷர் போட்டுத் திருக வேண்டும். பச்சை நிழல்வலை நிழலுக்கு மட்டும். அதைச் சுவராக நம்புவது ஆபத்து.

தரை மண்ணாக இருந்தால், சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு அதே மெஷைப் படுக்கையாக விரித்து, சுவர் மெஷோடு பிணைத்து, மேலே மண்ணோ செங்கல்லோ போட வேண்டும். தோண்டுகிற விலங்கு சுவரடியில்தான் தோண்டும். மெஷ் தட்டுப்பட்டால் சற்று நகர்ந்து மறுபடி சுவரடியிலேயே தோண்டும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தொடங்க வேண்டும் என்பது அதற்குத் தோன்றுவதில்லை. ஆழக்குழி வெட்டி மெஷைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட இது சுலபம், தண்ணீர் தேங்கும் நம் மண்ணில் நீடித்தும் இருக்கும். தாராவி மாதிரி கோபா (சிமெண்டு) தரையானால் தோண்டும் பயம் குறைவு. அங்கே பார்க்கவேண்டியது தரையும் சுவரும் சேரும் மூலை, கழுவிவிடும் மோரி ஓட்டை, கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்து. அந்தச் சந்தில் விரல் நுழைந்தால் சுண்டெலி நுழையும். இரண்டு விரல் நுழைந்தால் எலியே நுழையும். மோரிக்கு மெஷ் மூடி, கதவடியில் தகடு, மூலைக்குச் சிமெண்டில் கண்ணாடித்துண்டு கலந்த பூச்சு.

கூரையும் அடைபட்டதாகவே இருக்க வேண்டும். பாதிக்குப் பத்ரா, சரிவாக. பாதிக்கு மெஷ், வெயிலும் காற்றும் வர. தீவனமும் தண்ணீரும் பத்ராவுக்கு அடியில் இருக்க வேண்டும். இது பருந்துக்காக மட்டும் சொல்வதில்லை. 2006 பிப்ரவரியில் இந்தியாவில் பறவைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே மகாராஷ்டிரத்தின் நவாபூரில்தான். 2021 ஜனவரியில் மும்பையில் இறந்த காகங்களிடம் கிருமி உறுதியானது. காகம் எச்சமிட்ட தட்டில் நம் கோழி கொத்தினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இரவுக் கூடு தனியாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் அடைத்து, மேல் ஓரத்தில் மட்டும் மெஷ் போட்ட காற்றுவழியோடு. அமரும் கழி எந்தச் சுவரிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி இருக்கவேண்டும். வெளியிலிருந்து நீளும் எந்தக் கைக்கும் எட்டக்கூடாது. திறந்த பகுதியில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், அல்லது பழைய கூடையைக் கவிழ்த்து வையுங்கள். அலறல் எழுந்தால் பதுங்க அதுதான் புதர். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாள் ஒன்று, அதைத் திருகித் தூக்கினாலன்றித் திறக்காத மாதிரி. மனிதத் திருடனுக்காகப் பூட்டு ஒன்று.

4. பூனையும் விஷமும்

பூனை வளர்த்தால் எலி ஓடிவிடும் என்பார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் கழிவு மறுசுழற்சிக் கூடம் ஒன்றில், தெருப்பூனைகளும் பெரிய எலிகளும் ஒரே இடத்தில் வாழ்வதை 79 நாள் கேமரா வைத்துக் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பூனைகள் கொன்றது இரண்டே எலி. அந்த எலிகளைவிடப் பெரியது நம் பெருச்சாளி. பூனை குஞ்சைத் தின்னும், பெருச்சாளியைக் கண்டால் விலகிப் போகும்.

விஷம் இன்னும் மோசம். விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் பருந்தும் நாயும் சாகும். வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையைக் கொல்லக்கூடியது. இதைக் கோழிக்காக யாரும் செய்யக்கூடாது.

5. விலைக் கணக்கு

செத்த கோழிக்குக் கறிவிலையை மட்டும் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். 21 நாள் அடைகாப்பு, அதன்பின் முதல் முட்டைக்கு ஏழு மாதம்வரை தீவனம், வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி, ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை, அதில் ஒரு பகுதி அடுத்த தலைமுறைக் குஞ்சு. ஒரு பெட்டை போனால் இவ்வளவும் போகிறது. பெருச்சாளி ஒரு தடவையோடு நிற்பதும் இல்லை. வழி கண்டுபிடித்த இடத்துக்குத் தினமும் வரும். நல்ல மெஷ் பத்து மழைக்காலம் நிற்கும். மெலிந்த வலையை இரண்டு மழைக்கு ஒருமுறை மாற்றுகிறவர், பத்தாண்டில் நல்ல மெஷின் விலையைக் கொடுத்து முடித்திருப்பார், நடுவில் கோழிகளையும் இழந்திருப்பார்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 85 கோடி கோழியினப் பறவைகள். அதில் சுமார் 32 கோடி வீட்டுப் புறக்கடையில் வளர்பவை. முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறக்குறைய 46 விழுக்காடு கூடுதல். இதில் பெரும்பகுதி பெண்களின் கையிருப்பு. குழந்தைக்கு முட்டை, அவசரத்துக்குப் பணம். போனால் போகட்டும் என்பவர் யாருடைய சேமிப்பைப் போகட்டும் என்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

கை வசதி இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் இருப்பது தாராவி. பழைய ஆங்கிளும் குழாயும் மெஷ் துண்டும் எடைக்குக் கிடைக்கும் பங்கார் (பழைய இரும்பு) கடைகள் இந்த நகரத்தில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இல்லை. வெல்டிங் காலா (பட்டறை) அடுத்த சந்தில் இருக்கிறது. தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, மிச்சத் தீனியை இருட்டுமுன் எடுத்துவிடுவதற்குச் செலவே கிடையாது. ‘கோழி வைத்தால் எலி வருகிறது’ என்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவதில் பாதி, இரவில் சிதறிக் கிடக்கும் தீனியால் வருகிறது. 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் எலி மூத்திரத்தால் பரவிய காய்ச்சலில் இந்த நகரத்தில் மனிதர்கள் செத்தார்கள். பக்கத்து வீட்டார் பயத்தில் நியாயம் இருக்கிறது.

6. பூட்டிய பெட்டி காவலாகுமா?

எதிர்ப்பக்கத்துத் தவறு இது. எலிக்குப் பயந்து, கோழியை ஆயுள் முழுக்க இரும்புப் பெட்டியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பதினோராவது பிரிவில், அசைந்து திரிய நியாயமான இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பதைக் குற்றம் என்கிறது. பண்ணைகளின் வரிசைக் கூண்டில் கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 காகிதத்தைவிடச் சிறியது. அந்தக் கூண்டுகளை ஒழிக்கவேண்டும் என்று சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெற்று வரிசைக் கூண்டு 2012 முதலே தடை. பண்ணையில் வேண்டாம் என்பதை வீட்டில் செய்வதா?

சட்டம் கிடக்கட்டும், கோழியைப் பாருங்கள். மண்ணில் புரண்டு குளிக்காத கோழிக்குப் பேன் ஏறும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும். ஈரமான பெட்டியில் ரத்தக் கழிச்சல் பரவும். மே மாத மதியத்தில் பத்ராப் பெட்டிக்குள் வாயைப் பிளந்து இரைக்கும். எலியிடமிருந்து காப்பாற்றி வெக்கையிடம் கொடுப்பதில் என்ன பயன்? இரவுக் கூட்டில் கோழிக்கு மூன்று சதுர அடி, திறந்த அடைப்பில் எட்டிலிருந்து பத்து. மூன்று கோழிக்கு முப்பது நாற்பது சதுர அடி வேண்டும். அது இல்லாத வீட்டில் கோழி வளர்க்க வேண்டாம் என்பதே என் தீர்மானம். கடுமையாகத் தோன்றலாம். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பமே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த நெருக்கடி நம்மேல் திணிக்கப்பட்டது. அதைக் கோழியின்மேல் நாம் திணிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து மொட்டைமாடியில் ஒரே அடைப்பு போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது நல்ல வழி.

7. நாளைக்கு இடிக்கப்போகிறார்களே?

கடைசியாக வரும் வாதம் இது, மற்றவற்றைவிட மனதைத் தைப்பதும் இதுதான். தாராவி மறுசீரமைப்பு வருகிறது, தகுதியுள்ளவருக்கு 350 சதுர அடியில் வீடு என்கிறார்கள், தகுதியில்லாதவர் எங்கே போவார் என்பது அவருக்கே தெரியாது. 1976இல் ஜனதா காலனியை இடித்து மக்களைச் சீத்தா கேம்புக்குக் கொண்டுபோய்க் கொட்டியதைப் பார்த்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த நிலையில் ஆங்கிள் வாங்கி மெஷ் அடிக்கச் சொல்வது நியாயமா?

நியாயம்தான், ஒரு நிபந்தனையோடு. வெல்டு வைத்து ஒரே கூண்டாகச் செய்யாதீர்கள். ஆறடிக்கு மூன்றடி சட்டங்களாகத் தனித்தனியே செய்து போல்ட்டால் முடுக்குங்கள். ஒரு ஸ்பேனர் போதும், அரை நாளில் கழற்றிக் கைவண்டியில் அடுக்கலாம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே நிறுத்தலாம். வேண்டாமென்றால் விற்கலாம், நல்ல மெஷுக்கு விலை உண்டு. கோழிவலையைப் பிரித்தால் அது குப்பை. வீடு நிலையில்லாதவருக்குத்தான் கழற்றி மாட்டுகிற பலமான கூண்டு இன்னும் அவசியம்.

ஒரே சமயத்தில் எல்லாவற்றுக்கும் பணம் இல்லையென்றால் வரிசை இது. முதலில் தரையோரம், மோரி ஓட்டை, கதவடி. அடுத்து இரவுக் கூட்டின் நாலு பக்கமும். மூன்றாவதாக, கீழிருந்து மூன்றடி உயரத்துக்கு வெல்டு மெஷ். மேலே இருக்கிற பழைய வலை இப்போதைக்கு இருக்கட்டும், பகலில் பருந்துக்கும் காகத்துக்கும் அது போதும். ஆனால் மரநாய் ஏறி வரும் என்பதால், சுவரும் கூரையும் மெஷாகும்வரை ஒருநாள்கூட மறக்காமல் பொழுது சாய்ந்ததும் கோழிகளை இரவுக் கூட்டுக்குள் விட்டுத் தாழ்ப்பாளைப் போடுங்கள். பூட்டும் பெயின்ட்டும் எல்லாவற்றுக்கும் பிறகு.